உயரத்து ஜன்னலுக்கு ஏணி எதற்கு? மொட்டை மாடிக்குப் போங்கள்

கேள்வி: திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. மாடிப்படிக்கு நேர் மேலே, கூரையில் மூன்றுக்கு மூன்று அடியில் திறந்து மூடுகிற கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறோம். கீழிருந்து 18 அடி உயரம். சுற்றித் திறப்பதற்கு ஒரு நீளக் கம்பி கொடுத்தார்கள். இரண்டு வருடமாகத் திறக்கவே இல்லை. இப்போது சுற்றினால் அசைய மறுக்கிறது. கண்ணாடி முழுக்க வெள்ளைக் கறை. பெயின்ட் அடிக்க வந்த தம்பி, படியிலேயே ஏணி போட்டு ஏறிச் சரிபண்ணுகிறேன் என்கிறார். விடலாமா? எனக்கு 63 வயது. நானே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா? — ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தத் தம்பியை ஏற விடாதீர்கள், அம்மா. நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். படிக்கட்டில் இந்த இரண்டுமே நடக்காது. செங்கல்லை அண்டக் கொடுத்து ஏறுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி ஏறியவன்தான். செங்கல் நழுவி, கைப்பிடிக் கம்பியில் விலா இடித்து, ஒரு மாதம் இருமக்கூட முடியாமல் கிடந்தேன்.

இணையத்தில் வரும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவர்களுக்குச் சரிவான ஓட்டுக்கூரை. உள்பக்கம் கைக்கு எட்டும், வெளிப்பக்கம் எட்டாது. அதனால்தான் நடுவில் அச்சு வைத்து, அப்படியே புரட்டி, வெளிக்கண்ணாடியை அறைக்குள் நின்று துடைக்கிற மாதிரி செய்கிறார்கள். நம் ஊரில் கதை தலைகீழ். மொட்டை மாடிக்குப் போனால் உங்கள் ஜன்னல் முழங்கால் உயரத் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். எட்டாதது உள்பக்கம் மட்டும். உங்களுடையது ஒரு பக்கம் கீல் போட்டு, டிரங்குப் பெட்டி மூடி மாதிரி தூக்குகிற வகையாக இருந்தால், அந்த உள்பக்கத்தையும் மாடியில் நின்றே துடைத்துவிடலாம்.

சரி, ஏன் திறக்கவில்லை? உங்கள் பகுதியில் இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, வெயிலில் வெந்த ரப்பர் பீடிங் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, கடல் உப்பு கீலில் ஏறியிருக்கும். கம்பியை முரட்டுத்தனமாகச் சுற்றினால் உள்ளே இருக்கிற பல்சக்கரம்தான் தேயும். அதற்குப் பதில் ஒருவர் மாடிக்குப் போய், காலாவதியான ஏடிஎம் கார்டை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி, நான்கு பக்கமும் மெதுவாக இழுத்து வரட்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ரப்பர் கிழிந்தால் ஐப்பசியில் ஒழுகும். கீலில் துரு இளக்குகிற ஸ்பிரேயை முந்தைய நாள் சாயங்காலமே அடித்து ஊற விடுங்கள். தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அது தூசியைப் பிடித்துப் பிசுக்காகி, அடுத்த வருடம் இன்னும் மோசமாக இறுகும். மறுநாள் காலை நீங்கள் கீழே நடுப்படி மேடையில் நின்று கம்பியை லேசாகச் சுற்றுங்கள், மாடியில் இருப்பவர் விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கட்டும். பெரும்பாலும் ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும்.

அரை அடி, முக்கால் அடி திறந்ததும், அந்த இடைவெளி வழியாகக் கைவிட்டு, ஜன்னலைத் தூக்கும் சங்கிலியைச் சட்டத்தோடு இணைத்திருக்கிற பின்னையோ போல்ட்டையோ கழற்ற வேண்டும். அப்புறம்தான் முழுசாகத் திறக்கும். இங்கே எடைக் கணக்கு முக்கியம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரை கிலோ. உங்கள் மூன்றுக்கு மூன்று அடி, 10 மில்லிமீட்டர் என்றால் கண்ணாடி மட்டும் சுமார் 21 கிலோ, சட்டம் தனி. இரண்டு பேர் தூக்கி, கட்டையால் முட்டுக் கொடுத்து, கயிற்றால் ஒரு கட்டும் போடுங்கள். காலை ஆறு, ஆறரைக்கே முடித்துவிடுங்கள். கடற்காற்று கிளம்பிவிட்டால் அந்த மூடி பாய் மாதிரி காற்றை வாங்கும்.

திறந்த ஜன்னலுக்குக் கீழே இரும்பு கிரில் இருக்கிறதா? இல்லையென்றால் துடைப்பது இருக்கட்டும், முதலில் கிரில் போடுங்கள். ஜன்னல் மூடியிருந்தாலும் கண்ணாடி மேல் யாரும் உட்காரவோ முழங்காலை ஊன்றவோ கூடாது. வடாம் காயப்போடப் போகிற இடத்தில் குழந்தைகளுக்கு அது நல்ல மேடையாகத் தெரியும்.

வெள்ளைக் கறை போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் காய்ந்து விட்ட உப்பு. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்திவைத்துத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டுபோகாதீர்கள், அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும். கடைசியாக அலச, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு வாளி பிடித்து, வடிகட்டி வையுங்கள். அதில் உப்பு கிடையாது, கறை விடாது. என் வாடிக்கையாளர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் காருக்கும் அதையே ஊற்றுவார்கள். வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் மட்டும் எந்தத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம்; சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் விரிசல் விடும்.

தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் சத்தம் வருகிறதா? அப்படியானால் அது பாலிகார்பனேட். அதற்கு அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், நார் எதுவுமே ஆகாது. ஷாம்பு கரைத்த தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.

சட்டத்தின் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள். பட்டாணி அளவில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். உள்ளே இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே வடிகிற வழி அதுதான். சிமென்ட் தூசியும் எறும்பு மண்ணும் சேர்ந்து அதை அடைத்துவிடும். கூரை ஜன்னல் ஒழுகுகிறது என்று வருகிற அழைப்புகளில் பாதிக்கு நான் செய்வது, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அந்தத் துளைகளைக் குத்திவிடுவதுதான். இதற்கு நான் காசு வாங்குவதில் எனக்கே கொஞ்சம் கூச்சம் உண்டு.

ஜன்னல் திறக்கவே முடியாதபடி பொருத்திய வகையாக இருந்தால் உள்பக்கம் துடைக்க வேறு வழியில்லை, கீழிருந்துதான். ஒட்டடைக் கம்பு மாதிரி நீள்கிற 12 அடிக் கழியில் மைக்ரோஃபைபர் துணி மாட்டி, சொட்டாத ஈரத்தோடு, நேர் கீழே நிற்காமல் ஓரமாக நின்று துடையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் போட்டுவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 63 வயதில் தினமும் கம்பி சுற்ற வேண்டாம் என்றால் போடலாம். 24 வோல்ட் மோட்டாரும் மழை பட்டால் தானே மூடுகிற சென்சாரும் கிடைக்கின்றன. ஆனால் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலன்று கரன்ட் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திறந்த நிலையில் மின்சாரம் போனால் இந்த மோட்டார் அப்படியே நின்றுவிடும். கையால் தள்ளினாலும் மூடாது. சென்சார் தகட்டில் உப்பும் காக்கை எச்சமும் படிந்தால் மழை இல்லாமலே மூடிக்கொள்ளும், அதையும் துடைக்க வேண்டும். கீல், ஸ்க்ரூ மாற்றினால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் 304 பழுப்பாகிவிடும்.

இந்த வேலையைப் புரட்டாசி முடிவதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாதம் ஒரு முறையாவது திறந்து மூடுங்கள். கத்திரி வெயிலில் ராத்திரி முழுக்கத் திறந்தே வைக்கலாம். கீழே ஒரு ஜன்னலையும் திறந்துவிட்டால் மேலே தேங்கிய சூடு படிக்கட்டு வழியாக ஏறி வெளியே போகும். போல்ட்டைத் திரும்ப மாட்டியாயிற்றா என்று மட்டும் மாடியிலிருந்து இறங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.