கல் தொட்டியில் ஊறும்போதே ‘முடிந்தது’ என்கிறதா ஏஜென்ட்?

கேள்வி: ஆத்தங்குடிப் பக்கம் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள சிமென்ட் டைல்) பட்டறைகளுக்கு ஆர்டர் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். பட்டறையிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் படித்து, ஏஐ ஏஜென்ட் ஒன்று அந்தந்த ஆர்டரின் வேலை நிலையை மாற்றுகிறது. கல் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும்போதே ஆர்டரை ‘முடிந்தது’ என்று போட்டுவிடுகிறது. சில நேரம் பழைய குறிப்பும் காணாமல் போகிறது. ஏஜென்டுக்குக் கொடுத்த டூலின் (நிலையை மாற்ற அது அழைக்கும் நிரல்) விளக்கத்தில் என்ன எழுத வேண்டும்? – காரைக்குடி வாசகர்

பதில்: ‘வேலையை அப்டேட் செய்யும்’ என்று ஒரே வரிதான் எழுதியிருப்பீர்கள். உங்கள் நிரல் ஏஜென்டின் கண்ணில் படாது. டூலின் பெயர், விளக்கம், புலங்களின் ஸ்கீமா (எந்தப் புலத்தில் என்ன வகை மதிப்பு வரலாம் என்ற வரையறை), இந்த மூன்றைத்தான் அது பார்க்கிறது. அதில் இல்லாததை அதுவாக ஊகித்துக்கொள்ளும்.

விளக்கம் எழுதும் முன் வேலையைப் பிரியுங்கள். கண்ணாடி மேல் வார்ப்பது ஒரு வேலை, தொட்டியில் ஊறுவது இன்னொன்று, காய்ந்தபின் எண்ணி அடுக்குவது வேறொன்று. ஆர்டர் முழுவதற்கும் ஒரே ஐடி இருந்தால், “42ஆம் ஆர்டர் 500 கல்லு போட்டாச்சு” என்ற செய்தியை எங்கே பதிவது? வார்ப்பு முடிந்ததைச் சொல்கிறார் பட்டறைக்காரர். ஆர்டரையே முடித்துவிடுகிறது ஏஜென்ட். பார்டர் கல்லுக்கும் தனி ஐடி கொடுங்கள்.

பிறகு விளக்கம். அடுக்கும் வேலைக்கு ஏறக்குறைய இப்படி:

“ஏற்கெனவே உள்ள வேலையின் நிலை, குறிப்பு ஆகியவற்றை மாற்ற மட்டும். புது வேலை சேர்க்க இதை அழைக்கக் கூடாது. அழைக்கும் முன் அந்த ஐடியின் இப்போதைய நிலையைப் படிக்கவும். குறிப்பு அனுப்பினால் பழையதன் கீழே சேரும். கல் காய்ந்து, எண்ணி அடுக்கி, எண்ணிக்கை ஆர்டருக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே ‘முடிந்தது’. குறைந்தால் ‘நடப்பு’ என்றே விட்டு, எத்தனை குறைவு என்று குறிப்பில் எழுதவும். எந்த ஆர்டர் என்று தெரியாவிட்டால் எதையும் மாற்றாமல் அனுப்பியவரிடம் கேட்கவும்.”

எப்போது அழைக்கக் கூடாது என்ற வரிகளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது. விளக்கத்தைத் தமிழில் எழுதலாம். ஆனால் டூல் பெயரில், ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் என்ற இரண்டு ஏஐ நிறுவனங்களின் மாடல்களிலுமே, ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு தவிர எதுவும் செல்லாது. மாடலுக்குக் கோரிக்கை அனுப்பும் ஒவ்வொரு முறையும் விளக்கம் முழுவதும் கூடவே போகும். தமிழுக்கு டோக்கனும் (மாடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டு) கூடுதலாகச் செலவாகும். அதனால் பட்டறை வரலாற்றையெல்லாம் அதில் ஏற்ற வேண்டாம்.

ஸ்கீமாவில் ஐடியை எண்ணாக வைக்காமல் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வையுங்கள். எண்ணாக இருந்தால் ‘0042’ என்பது 42 ஆகிவிடும். நிலைக்கு எனம் (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) போட்டு, ‘நிலுவை’, ‘நடப்பு’, ‘முடிந்தது’ என மூன்றே மதிப்புகள் போதும்.

குறிப்பு காணாமல் போவதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்ட்ரிக்ட் மோட், அதாவது ஏஜென்டின் அழைப்பு ஸ்கீமாவோடு அப்படியே பொருந்த வேண்டும் என்ற அமைப்பு. ஓபன்ஏஐயில் அதை இயக்கினால் எல்லாப் புலங்களும் கட்டாயமாகிவிடும். விருப்பப் புலத்துக்கு நல் (null, ‘மதிப்பு இல்லை’) மதிப்பையும் அனுமதித்துத்தான் வைக்க முடியும். நிலையை மட்டும் மாற்ற வந்த ஏஜென்ட், குறிப்புக்கு நல் அனுப்பும். உங்கள் நிரல் அதை அப்படியே டேட்டாபேஸில் எழுதினால் பழைய குறிப்பு போயிற்று. ‘நல் என்றால் மாற்றம் இல்லை’ என்று புல விளக்கத்திலும் எழுதுங்கள், நிரலிலும் அப்படியே செய்யுங்கள். ஸ்ட்ரிக்ட் மோட் இல்லையென்றால், நிரல் குறிப்பைச் சேர்க்கிறதா, மேலெழுதுகிறதா என்று பாருங்கள்.

விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. எண்ணிக்கைச் சரிபார்ப்பை நிரலில் வையுங்கள். மறுக்கும்போது ‘பிழை 400’ என்று திருப்பினால் என்ன தவறு என்று தெரியாமல் ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பக்கூடும். “ஆர்டர் 0042: 500இல் 460 தான் எண்ணப்பட்டுள்ளது, ‘நடப்பு’ என வைத்து 40 குறைவு என்று குறிப்பு எழுதவும்” என்று திருப்பினால் அடுத்த அழைப்பு சரியாக வர வாய்ப்பு அதிகம். வெற்றியானாலும் வெறும் ‘ஓகே’ வேண்டாம். மாறிய பிறகு உள்ள முழு நிலையைத் திருப்புங்கள்.

இரண்டு போனிலிருந்து ஒரே நேரத்தில் செய்தி வந்தால், பின்னது முன்னதை அழிக்கும். ஒவ்வொரு வேலைக்கும் பதிப்பு எண் வைத்து, ஏஜென்ட் படித்த எண்ணையே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் மறுத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்லலாம். வெப்ஹூக்கில் (வாட்ஸ்அப் செய்தியை உங்கள் நிரலுக்குத் தானாக அனுப்பும் வழி) அதே செய்தி இரண்டு முறை வருவதும் உண்டு. செய்தி ஐடியைச் சேமித்துவைத்தால் குறிப்பு இரட்டிக்காது.

கடைசியில் சோதனை. பட்டறையிலிருந்து வந்த உண்மையான செய்திகளில் 20 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த ஐடி, எந்த நிலை என்று முதலில் நீங்கள் கையால் எழுதிவையுங்கள். “பார்டர் மட்டும் ரெடி, நடுக்கல்லு நாளைக்கு”, “கல்யாண வீடு, ரெண்டு நாள் லீவு” போன்றவை அதில் கட்டாயம் இருக்கட்டும். இரண்டாவதுக்கு டூல் அழைப்பே வரக் கூடாது. வந்தால் திருத்த வேண்டியது விளக்கத்தை. மாடலை மாற்ற அவசரப்பட வேண்டாம்.