ஊசலின் வீச்சு ஏன் கூடுகிறது? – கடிதம்

வணக்கம் சார்,

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். தனி ஊசல் பாடத்துக்காக ஏஐயிடம் கேட்டு ஓர் அனிமேஷன் செய்தேன். 10 டிகிரியில் விட்ட ஊசல் சற்று நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் ஆடுகிறது. சரிசெய்யச் சொன்னேன், இப்போது ஆடி ஆடி நின்றுவிடுகிறது. எப்படிக் கேட்க வேண்டும்?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஏஐ கோளாறைச் சரிசெய்யவில்லை, பூசி மெழுகியிருக்கிறது. கோண வேகத்தை ஒவ்வொரு அடியிலும் (நிரல் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் ஒவ்வொரு படியிலும்) 0.995 போன்ற எண்ணால் பெருக்கும் வரி ஒன்று புதிதாக முளைத்திருக்கும். முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

மூலக் கோளாறு வரிசையில் இருக்கிறது. நிரல் கோண முடுக்கத்தைக் கணக்கிடுகிறது, பழைய வேகத்தை வைத்துக் கோணத்தை நகர்த்துகிறது, அதன்பிறகுதான் வேகத்தை மாற்றுகிறது. இது சாதாரண ஆய்லர் முறை. 1 மீட்டர் ஊசலுக்கு நொடிக்கு 60 அடி என்றால், அடிக்கு அடி ஆற்றல் 0.27 சதவீதம் கூடும். அற்பம்தான், ஆனால் பத்தே நொடியில் வீச்சு இரு மடங்கைத் தாண்டிவிடும். கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும்: முதலில் வேகம், பிறகு அந்தப் புதிய வேகத்தால் கோணம். "ஆய்லர்-குரோமர் முறை, கால அடி 0.001 நொடி" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஒரு ஃபிரேமுக்கு இத்தனை அடி என்று கட்டிவிடாமல், கடந்த உண்மை நேரத்தைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 120 ஹெர்ட்ஸ் திரையுள்ள ஃபோனில் ஊசல் இரட்டை வேகத்தில் ஓடும்.

ஒரே எச்டிஎம்எல் கோப்பு, வெளி லைப்ரரி எதுவும் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். வகுப்பில் நெட் போனாலும் ஓடும்.

பிறகு ஸ்டாப்வாட்சை எடுங்கள். 1 மீட்டர், 10 டிகிரிக்கு 20 அலைவுகள் 40.2 நொடி வர வேண்டும். 60 டிகிரிக்கு 43 நொடி. இரண்டுக்கும் ஒரே நேரம் வந்தால், கோணத்தின் சைன் வர வேண்டிய இடத்தில் வெறும் கோணத்தைப் போட்டிருக்கிறது. ஊசல் தாறுமாறாகத் துள்ளினால், ரேடியனாக மாற்றாமல் டிகிரியையே சைனுக்குள் விட்டிருக்கும். இந்த 60 டிகிரிக் கணக்குக்காகத்தான் அனிமேஷனே தேவை. 10 டிகிரி ஊசலைக் காட்ட ஒரு நூலும் நட்டும் போதும், அதற்குக் கணினி எதற்கு?

நிறைக்கும் ஒரு ஸ்லைடர் வைக்கச் சொல்லுங்கள். அதை இழுத்தால் அலைவு நேரம் துளியும் அசையக் கூடாது. ஏன் அசையவில்லை என்று மாணவர்கள் கேட்கும்வரை நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள்.