ஸ்குரூ பளபளக்கிறது, அலுமினியம் ஏன் பொடிகிறது?

குளச்சலில் கடலைப் பார்த்த வீடு. மாடி ஜன்னலெல்லாம் அலுமினியம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஸ்குரூ புதுசு மாதிரி இருக்க, அதைச் சுற்றி அலுமினியம் மட்டும் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறதாம். "அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே சொன்னார்கள்? பித்தளை ஸ்குரூவுக்கு மாற்றிவிடட்டுமா?" என்று கேட்கிறார் வாசகர்.

பித்தளை வேண்டவே வேண்டாம், இன்னும் மோசமாகும். ஏன் என்று பார்ப்போம்.

உலோகம் அரிக்கிறது என்றால் அதன் அணு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். வெளிக்கூட்டு எலக்ட்ரான் கருவிலிருந்து தள்ளியிருந்தால் சுலபமாகப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சோடியம், பொட்டாசியத்துக்கு அது சரி. துத்தநாகத்தையும் செம்பையும் எடுத்தால் அந்தக் கணக்கு உதைக்கும்: ஒரு மோல் அணுக்களிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்கத் துத்தநாகத்துக்குச் சுமார் 906 கிலோஜூல் வேண்டும், செம்புக்கு 745 போதும். அப்படியானால் செம்புதானே முதலில் அரிக்க வேண்டும்? ஆனால் எலக்ட்ரானைப் பிடுங்கும் முன் அணுவைக் கட்டியிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டுமே, அதற்குத் துத்தநாகத்தில் 130 கிலோஜூல், செம்பில் 338. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகுவதும் செம்பு 1085 வரை தாங்குவதும் இந்தப் பிடிப்பால்தான். இரண்டாவது எலக்ட்ரானுக்கும் செம்பில் செலவு அதிகம். அயனியை நீர் சூழ்ந்துகொள்ளும்போது திரும்பக் கிடைக்கும் ஆற்றலையும் சேர்த்து வரவு செலவு பார்த்து, எலக்ட்ரானை விடும் போக்கை வோல்ட்டில் (மின்முனை அழுத்தம் என்பார்கள்) சொன்னால் செம்பு +0.34 வோல்ட், இரும்பு -0.44, துத்தநாகம் -0.76, அலுமினியம் -1.66. எண் கீழே போகப் போக வினைத்திறன் கூடுகிறது.

ஆக, அலுமினியம் இரும்பைவிடத் துடிப்பான உலோகம். அதைக் காப்பாற்றுவது மேலே படிந்திருக்கும், சில நானோமீட்டரே கனமுள்ள ஆக்சைடு தோல்தான். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் பிரிக்கிறார்களே, அதிலுள்ள டைட்டானியமும் இதே ரகம்தான், ஆனால் அதன் தோலைக் கடல்நீரால் ஒன்றும் செய்ய முடியாது. அலுமினியத்தின் தோல் அவ்வளவு கெட்டியில்லை, உப்புக்காற்றிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். அந்த இடத்தில் எஸ்.எஸ். வேறு தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தில் அது ஒரு பேட்டரி. அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைகிறது, ஸ்குரூவின் மேல் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. பித்தளை இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும், போதாததற்கு அதிலிருந்து கரையும் செம்பு அலுமினியத்தின் மேலேயே படிந்து புதுப்புதுக் குழிகளை உண்டாக்கும்.

இதையே நல்லதுக்கும் பயன்படுத்தலாம். வள்ளத்தில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருக்கும், பெரும்பாலும் துத்தநாகம். மேலே சொன்ன வோல்ட் கணக்கில் அதன் வினைத்திறன் அலுமினியத்தைவிடக் குறைவுதான், ஆனாலும் அலுமினியம் தோலுக்குள் ஒளிந்திருப்பதால் கடல்நீரில் துத்தநாகமே முந்திக்கொண்டு கரைந்து எஞ்சினைக் காக்கிறது. (அதற்கும் சேர்த்து பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள் சிலர், அப்புறம் அது எப்படிக் கரையும்?) 1824-ல் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இந்த உத்தியைக் கப்பல்களின் செம்புத் தகட்டுக்குச் சொன்னார். செம்பு அரிப்பது நின்றது, ஆனால் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டன. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான் அதுவரை அவற்றை விரட்டியிருக்கிறது.

சரி, உங்கள் ஜன்னலுக்கு வருவோம். எஸ்.எஸ். ஸ்குரூவே இருக்கட்டும், பெரிய அலுமினியத்தில் சின்ன எஸ்.எஸ். என்பது சமாளிக்கக்கூடிய ஜோடிதான். இதையே தலைகீழாக, எஸ்.எஸ். தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரமே போய்விடும். ஸ்குரூவைக் கழற்றி, வெள்ளைப் பொடியை நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. நைலான் வாஷர் போட்டு, துளைக்குள் சிலிக்கான் சீலன்ட் வைத்து முடுக்குங்கள், இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடக்கூடாது, ஈரமும் உள்ளே போகக்கூடாது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்குரூ அலுமினியத்தைக் கெடுக்காது, ஆனால் கடற்கரையில் அந்தப் பூச்சு தீர்ந்ததும் துருப்பிடித்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் வாரம் ஒருமுறையாவது ஜன்னலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், மழை படாத உள்மூலையில்தான் உப்பு அதிகம் தங்கும்.