தம்பிக்குத் தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா?

செய்ய வேண்டாம். 'ஐஸ்' (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) பாவித்திருந்தாலும் சில நாட்களில் சிறுநீரில் தெரியாமல் போய்விடும். சில தடிமன் மாத்திரைகளோ பொய்யாக 'பொசிட்டிவ்' காட்டும். ஒளித்துச் செய்தது தெரியவந்தால் அவர் உங்களிடம் வாயே திறக்கமாட்டார்.

தம்பியைப் பற்றி நீங்கள் சொல்வது: இரண்டு இரவு முழிப்பு, பிறகு நாள் முழுக்கத் தூக்கம், சாப்பாடு இல்லை, அவருடைய வெள்ளவத்தை போர்டிங்கில் கருகிய கண்ணாடிக் குழாய். எனக்கும் ஐஸ் என்றுதான் படுகிறது. பரீட்சைக்கு முழித்துப் படிக்கவென்று தொடங்குகிறவர்களும் உண்டு. ஆனால் குழாய் அறைத் தோழனுடையதாகவும் இருக்கலாம், அதை மறக்காதீர்கள்.

அவர் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்ட ஒரு நேரம் பார்த்து, குழாயைக் கண்டதை நேராகச் சொல்லிக் கேளுங்கள். அம்மா அப்பா முன்னால் வேண்டாம். பரீட்சை இல்லாத கிழமையிலும் இதே முழிப்பு வருகிறதா, காசு கேட்பது கூடியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

அதற்கு முன் நீங்களே 1927க்கு எடுத்துப் பேசுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

நெஞ்சுவலி, வலிப்பு, யாரோ துரத்துகிறார்கள் என்ற பயம் வந்தால் பேச்செல்லாம் பிறகு, உடனே 1990 அம்புலன்ஸ். அப்புறம், நிறுத்திய முதல் நாட்களில் மனம் மிகவும் சோர்ந்துவிடும். அப்போது போர்டிங்கில் தனியே விடாதீர்கள்.