பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களா? இல்லையென்றால் பண்ணைக்காரர்கள் ஏன் விளக்கம் சொல்வதில்லை?

பல்லடம் பக்கம் 5,000 குஞ்சு விடும் ஷெட் எங்களுடையது. கம்பெனிக்கு வளர்த்துக் கொடுக்கிறோம். குஞ்சு, தீவனம், மருந்து அவர்கள் தருவார்கள். ஷெட்டும் உழைப்பும் நாங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப்போகும். ஊசியாகப் போடுவதென்றால் 5,000 கோழியையும் திரும்பத் திரும்பப் பிடித்துக் குத்தவேண்டும். எங்களுக்கு வரும் கூலியில் ஆள் சம்பளத்துக்கே கட்டாது. 40 கிராம் குஞ்சு 40 நாளில் 2 கிலோ தாண்டுவதற்கு முக்கியக் காரணம் இனத்தேர்வு, அதாவது வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் பழைய இனத்தையும் புது இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957ஆம் ஆண்டு இனம் சுமார் 900 கிராம், 2005ஆம் ஆண்டு இனம் 4.2 கிலோ.

இதையெல்லாம் கோவையில் இருக்கும் என் சித்தியிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பேத்தி சீக்கிரம் வயசுக்கு வந்துருவாடா" என்று ஒரே பிடி. கடைசியில் பண்ணைக்கே கூட்டிவந்தேன். (யாரையும் சட்டென்று உள்ளே விடமாட்டோம். செருப்பில் நோய் வரும். பெர்மாங்கனேட் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வந்தார்.) அன்று குஞ்சுகளுக்கு ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தோம். "இதைத்தான் ஊசின்னு சொல்றாங்களா?" என்று சித்தி சிரித்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி பக்கம் கிடந்த ஒரு பாக்கெட்டை எடுத்து, "இது என்ன சாமி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கம்பெனி சூப்பர்வைசர் கொடுத்தார், தண்ணீரில் கலந்தோம். போனில் கேட்டதற்கு, "நீங்க ஏங்ணா அதையெல்லாம் கேட்டுக்கிட்டு" என்றார் அவர்.

உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில் இதுதான். எங்களுக்கே சொல்வதில்லை, நாங்கள் உங்களுக்கு என்னத்தைச் சொல்வது? "ஹார்மோன் இல்லை" என்று விளம்பரம் செய்வது சுலபம், ஏனென்றால் அது உண்மை. ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டால்தான் தொழிலே ஊமையாகிவிடுகிறது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2019இல்தான் தடை போட்டது. அதுவரை அது பண்ணைகளில் புழங்கியதை எத்தனை பேர் வெளியே சொன்னோம்? 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா பரவுகிறது என்று வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பி விலை தரைக்கு வந்தபோது, நாங்கள் சொன்ன உண்மையும் எடுபடவில்லை.

இப்போது நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். மருந்தின் பெயர், கலந்த தேதி, நிறுத்திய தேதி. கறிக்கு அனுப்பக் கோழி பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு மருந்தை நிறுத்தவேண்டும் என்று பாக்கெட்டிலேயே இருக்கும், அதையும் எழுதுகிறேன். சூப்பர்வைசருக்கு இது பிடிக்கவில்லை. சித்தி இன்னும் நாட்டுக்கோழிதான் வாங்குகிறார். ஆனால் கோழி பிடிக்கிற வாரம் போன் வந்துவிடும்: "நோட்டுல கடைசித் தேதி என்ன போட்டிருக்கே?"