சாம்பாரில் மைதா எங்கிருந்து வந்தது? ஹோட்டல் சாப்பாடும் ஒவ்வாமையும்: கேள்வி பதில்

குளூட்டன் (கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம்), பால், வேர்க்கடலை என்று ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்கள் வெளியே எப்படிச் சாப்பிடுவது என்று வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

எனக்குச் சீலியாக் நோய். குளூட்டன் சாப்பிட்டால் குடல் கெடும் நோய் இது. சப்ளையரிடம் "கோதுமை இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். ரவா தோசைக்கு "இல்லை" என்றார். சாப்பிட்டு இரண்டு நாள் வயிறு கெட்டுப்போனது. ஏன் பொய் சொல்கிறார்கள்?

அவர் பொய் சொல்லவில்லை. ஹோட்டல்காரருக்குக் கோதுமை என்றால் சப்பாத்தி, பூரி, கோதுமை தோசை. அதோடு சரி. ரவை ரவைதான், மைதா மைதாதான், சேமியா சேமியாதான். மூன்றும் கோதுமையிலிருந்து வருபவை என்பது பரபரப்பான சமையற்கட்டில் யார் நினைவுக்கும் வராது. ரவா தோசை மாவில் பொதுவாக அரிசி மாவு, ரவை, மைதா மூன்றும் உண்டு. அதில் இரண்டு உங்களுக்கு ஆகாதவை.

கேள்வியை மாற்றுங்கள்: "இதுல மைதா, ரவை, ஆட்டா, சேமியா ஏதாவது சேருமா?" பொருளின் பெயரைச் சொன்னால் சரியான பதில் வரும். "குளூட்டன்" என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். சர்க்கரை நோய், டயட் என்று எதையாவது நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். சம்பா கோதுமை, சம்பா ரவை என்று பாரம்பரியப் பெயரில் வருவதும் கோதுமைதான். அரிசி ரவை, சோள ரவை இரண்டிலும் குளூட்டன் இல்லை.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். சாம்பார், குருமா, சட்னி எல்லாம் சரக்கு மாஸ்டர் கையில். தோசை, தோசை மாஸ்டர் கையில். சப்ளையருக்குத் தெரிந்தது விலையும் சூடும்தான். "உள்ளே மாஸ்டரைக் கேட்டுச் சொல்லுங்க அண்ணா" என்று அனுப்புங்கள். மதியம் ஒரு மணிக்கு இதைக் கேட்டால் யாருக்கும் காது கேட்காது. பதினொன்றரைக்கோ மூன்றரைக்கோ போனால் மாஸ்டரே வெளியே வந்து பேசுவார்.

இட்லி சாம்பார் நூறு சதவீதம் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். சரியா?

இட்லி சரி. சாம்பார்தான் சிக்கல், அதுவும் பெருங்காயத்தால்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பாலின் காரமும் வாடையும் தாங்க முடியாதவை என்பதால் பிசினும் மாவும் சேர்த்துத்தான் கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா, சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் சாம்பாருக்கு 1 கிராம் பெருங்காயத்தூள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதா 500 மில்லிகிராம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன், அதாவது 50 மில்லிகிராம். "குளூட்டன் இல்லாதது" என்று லேபிள் ஒட்ட இந்திய விதி அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான். 150 மில்லி கிண்ணத்தில் உங்களுக்கு வருவது 7.5 மில்லிகிராம். சீலியாக் உள்ள பெரும்பாலோரின் குடல் நாளுக்கு 10 மில்லிகிராம் வரை தாங்கும். தினமும் 50 என்றால் கெடத் தொடங்கும். ஒரு கிண்ணத்தில் ஆள் விழுந்துவிட மாட்டார். ஆனால் சாம்பார் இரண்டாவது முறை, ரசம், மோர், இட்லிப் பொடி என்று எல்லாவற்றிலும் அதே டப்பா திறக்கிறது. தினமும் ஹோட்டலில் சாப்பிடுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

என்ன செய்யலாம்? தாளிப்பதற்கு முன் எடுத்த தேங்காய்ச் சட்னி கேளுங்கள். இல்லையென்றால் நெய்யும் சர்க்கரையும். பெருங்காயம் போடாத பொடியை ஒரு சின்ன டப்பாவில் பையிலேயே வைத்திருப்பது எல்லாவற்றிலும் சுலபம்.

சாதா தோசை? அதில் அரிசியும் உளுந்தும் மட்டும்தானே?

மாவில் சிக்கல் இல்லை, கல்லில்தான். அந்தக் கல்லில் சற்றுமுன் ரவா தோசை வார்த்திருப்பார்கள், ஓரத்தில் சப்பாத்தி சுட்டிருப்பார்கள். அடுத்த தோசைக்கு முன் நடப்பதைக் கவனியுங்கள்: தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஒரு இழுப்பு, எண்ணெயில் தோய்த்த அரை வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு. ரவா தோசையின் கருகிய துணுக்குகள் கல்லின் ஓரத்துக்குப் போகும்; விளக்குமாற்றிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த இழுப்பில் திரும்பி வரும். "சூட்டில் எல்லாம் எரிஞ்சிடும்" என்பார் மாஸ்டர். கிருமி சாகலாம்; தோசைக் கல் சூட்டில் குளூட்டன் அழியாது.

காலையில் கடை திறந்ததும் முதல் ஈடு தோசை கேட்பது ஒரு வழி. ரவா தோசைக்குத் தனிக் கல் வைத்திருக்கும் பெரிய கடைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். சீலியாக் உறுதியானவர்கள் தோசையை வீட்டுக்கு வைத்துக்கொண்டு ஹோட்டலில் இட்லி, அரிசி இடியாப்பம் என்று ஆவியில் வெந்ததோடு நிற்பது நல்லது. ஆப்பத்துக்குத் தனிச் சட்டிதான், ஆனால் மாவில் மைதா கலக்கும் கடைகள் இருப்பதால் கேட்காமல் தொட வேண்டாம். ராகி தோசைக்கும் இதே எச்சரிக்கை: ராகியில் குளூட்டன் இல்லை, மொறுமொறுப்புக்காக மாவில் விழும் ரவையில் இருக்கிறது.

மெதுவடை?

உளுந்து வடை சுட்ட எண்ணெயில் பூரியும் சமோசாவும் மைசூர் போண்டாவும் பொரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். வடை மட்டும் போடும் டீக்கடைச் சட்டி இதைவிட மேல்.

பையனுக்கு (9 வயது) கோதுமை ஆகாது. பிரியாணிக் கடையில் என்ன வாங்கிக் கொடுப்பது?

பிரியாணியில் அடிப்படையாகக் கோதுமை இல்லை. இரண்டு விஷயம் கேளுங்கள். தம் போடும்போது மூடியைச் சுற்றி மைதா மாவு ஒட்டுகிறார்களா? ஒட்டினால் ஓரத்துச் சோறு வேண்டாம், நடுவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மேலே தூவும் பொரித்த வெங்காயத்தில் மொறுமொறுப்புக்கு மாவு பிசிறியிருக்கிறார்களா?

பக்கத்தில் வருவதுதான் ஆபத்து. சிக்கன் 65 மசாலாவில் சோள மாவோடு மைதாவும் சேர்ப்பது சகஜம். கோபி மஞ்சூரியன், ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ் பக்கமே போக வேண்டாம். வழக்கமான சோயா சாஸே சோயாவையும் கோதுமையையும் புளிக்கவைத்து எடுப்பது. சால்னா கெட்டியாக இருக்க மைதா கரைத்து ஊற்றும் கடைகள் உண்டு. "முட்டைதானே" என்று ஆம்லெட்டோ கலக்கியோ சொல்லிவிடாதீர்கள், அது பரோட்டா கல்லிலேயே விழுகிறது. அவித்த முட்டை வாங்கிக் கொடுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாது. ஹோட்டலில் தயிர் சாதம் மட்டும் சாப்பிடுகிறேன், அதுவும் உப்புசம் தருகிறது. தயிரில் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) குறைவு என்றார்களே?

தயிரில் குறைவுதான். ஆனால் ஹோட்டல் தயிர் சாதம் முக்கால்வாசி பால் சாதம். காலையில் கிளறியது மதியம் புளிக்கக் கூடாதென்று பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். வெறும் சோறும் தனிக் கிண்ணத்தில் தயிரும் வாங்கி நீங்களே பிசைந்துகொள்ளுங்கள்.

100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள், சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் சுலபம். ஆகவே டிபன் முடித்து ஒரு சின்ன டம்ளர் காபி பலருக்கு ஒன்றும் செய்யாது. சுண்டக் காய்ச்சிய பால் பாயசம் அப்படியில்லை: பாதியாகச் சுண்டியிருந்தால் 100 மில்லியிலேயே 10 கிராம். நெய்யில் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். லாக்டோஸைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் மாத்திரை வைத்திருந்தால் முதல் வாயோடு போட வேண்டும், வலி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

இதெல்லாம் லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு. பால் புரதத்துக்கே அலர்ஜி உள்ளவர் நெய், தயிர் எதையும் தொடக்கூடாது.

வேர்க்கடலை அலர்ஜி. எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளைச் சட்னியை முதலில். தேங்காய் விலை ஏறினால் சட்னியில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் ஏறும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தது புளியோதரை, எலுமிச்சை சாதம், குருமா, செக்குக் கடலெண்ணெய். கடலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடுவது தீர்வில்லை. மூச்சுத் திணறலோ முகம், தொண்டை வீக்கமோ முன்பு வந்திருந்தால் இது வயிற்றுப் பிரச்சினையில்லை, உயிர்ப் பிரச்சினை. அந்த நேரத்தில் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி பற்றி டாக்டரிடம் பேசாமல் வெளியே சாப்பிடவே வேண்டாம்.

யாழ்ப்பாணம் போகிறோம். புட்டு, இடியாப்பம் எல்லாம் அரிசிதானே என்று நிம்மதியாக இருக்கிறேன்.

நிம்மதி வேண்டாம். அங்கே அவித்த கோதுமை மாவில் புட்டும் இடியப்பமும் செய்வது சாதாரணம், அரிசி மாவோடு கலப்பதும் உண்டு. நிறத்தை நம்பாதீர்கள்: வெள்ளை இடியப்பம் கோதுமையாகவும் இருக்கலாம், பச்சரிசியாகவும் இருக்கலாம். "இது தனி அரிசி மாவோ, கோதுமை மா கலந்ததோ?" என்று கேளுங்கள், அவர்கள் பேச்சில் கேட்டால் உடனே புரியும். கொத்து ரொட்டி முழுக்கக் கோதுமை. ஒடியல் கூழின் மா பனங்கிழங்கு, குளூட்டன் கிடையாது; ஆனால் இறால், நண்டு, மீன் எல்லாம் கலந்து கிடக்கும் கூழ் அது, கடலுணவு ஆகாதவர்கள் தள்ளி நிற்கவும்.

கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றும் வயிற்றை ஊதவைக்கின்றன. எனக்கு குளூட்டன் பிரச்சினையா?

மூன்றுக்கும் பொதுவானது ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட். குளூட்டன் வெங்காயத்திலும் பூண்டிலும் இல்லை. அதனால் சந்தேகம் ஃபிரக்டான் மேல் விழுகிறது. வெங்காயம் பூண்டு சேர்க்காத ஜெயின் உணவு கிடைக்கும் கடைகள் உங்களுக்கு உதவும்.

ஆனால் முதலில் சீலியாக் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு (டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.) முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லையென்று வரும். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், பரிசோதனைக்கு முன் எத்தனை வாரம் மீண்டும் சாப்பிட வேண்டும் என்று டாக்டரைக் கேளுங்கள்.

மெனு கார்டில் இதையெல்லாம் போட வேண்டும் என்று சட்டமே இல்லையா?

இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையும் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் லேபிள் விதி. குளூட்டன் தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை அதில் அடக்கம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தெருமுனை மெஸ்ஸுக்கு இது பொருந்தாது, ஆனால் அங்கேதான் மாஸ்டரையே நேரில் பார்க்க முடியும்.

கல்யாணப் பந்தியில் என்ன செய்வது? சாப்பிடாமல் எழுந்தால் வீட்டார் கோபித்துக்கொள்கிறார்கள்.

முதல் பந்தியில் உட்காருங்கள். கரண்டிகள் இன்னும் இடம் மாறியிருக்காது. இலையில் இனிப்பு விழும் முன் கையால் மறியுங்கள்: கேசரி ரவை, பாதுஷா மைதா, திருநெல்வேலி அல்வா கோதுமைப் பால், சேமியா பாயசம் சொல்லவே வேண்டாம். லட்டும் மைசூர்பாகும் கடலை மாவு. அப்பளம் உளுந்தா மைதாவா என்று விசாரிக்க வேண்டும். சோறு, நெய், பெருங்காயம் போடாத வெறும் பருப்பு, தேங்காய் போட்ட பொரியல், தயிர், பழம். இதுவே வயிறு நிறையும்.

முந்தின நாளே சமையல் காண்ட்ராக்டர் கையில் இப்படி ஒரு சீட்டு கொடுத்துவிடுங்கள், ஹோட்டலுக்கும் இதே சீட்டு போதும்:

"எனக்குச் சீலியாக் நோய். மைதா, ரவை, ஆட்டா, சேமியா, பார்லி, சோயா சாஸ், மைதா கலந்த பெருங்காயம் ஒரு சிட்டிகைகூடச் சேரக்கூடாது. அரிசி, உளுந்து, பருப்பு, காய், கிழங்கு, தேங்காய், பால், தயிர், முட்டை, மீன், கறி சாப்பிடலாம். கழுவின பாத்திரம், தனிக் கரண்டி, புது எண்ணெய் வேண்டும்."

"நோய்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். "ஒத்துக்காது" என்று மட்டும் எழுதினால், "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஒரு கரண்டி கேசரி இலையில் விழும்.