கறிவேப்பிலையை மூடிய சிங்கப்பூர் டெய்சி

வேலியோரம் மூன்று தண்டு நட்ட சிங்கப்பூர் டெய்சி என்ற படர்கொடி, ஒரே வருடத்தில் உங்கள் தரைவீட்டுத் தோட்டத்தில் கறிவேப்பிலை அடிவரை படர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வருந்தாதீர்கள், அந்த மஞ்சள் பூவுக்காக நானும் நட்டவள்தான். பெயரில்தான் சிங்கப்பூர், பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா.

தயவுசெய்து அதன்மேல் புல்வெட்டும் இயந்திரத்தை மட்டும் ஓட்டாதீர்கள். கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும். கணுவோடு கிடக்கும் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். நல்ல மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும். அப்போது கொடியைக் கையால் தூக்கி, கணுக்கணுவாக வேரோடு எடுங்கள். கறிவேப்பிலையைச் சுற்றி முதலில். எடுத்ததை உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை துளிர் பாருங்கள். அதை ஒழிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. வடிகால் ஓரத்தை விட்டுவிடாதீர்கள், என் வீட்டில் அங்கிருந்துதான் திரும்பி வந்தது.